மாரியிலும் வாடகை

சூசைதாசன் அண்ணனின் படகு
உப்புவெளி மணலில் கவிழ்ந்து கிடக்கிறது.
வயிற்றில் புது நீலப் பெயின்ட்.
பெயர் எழுதிய இடம் மட்டும் இன்னும் காயவில்லை.

கார்த்திகை. வாடைக் கடல்.
திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள்
இனிப் பங்குனிக்குப் பிறகுதான்.

பெற்றோல் கேனின் மேல்
மடிக்கணினியை வைத்துத் திறக்கிறேன்.
"ரெண்டு வழி இருக்கு அண்ணன்."
இதைச் சொல்லும்போதெல்லாம்
மருந்துக்கடைக்காரனின் குரல் வந்துவிடுகிறது எனக்கு.

முதலாவது வாடகைக்கு.
கொம்பனியே கூட்டும், கொம்பனியே பூட்டும்.
படத்தை இழுத்து விட்டால்
விட்ட இடத்தில் நிற்கும்.
மாதம் பதினாறு டொலர்.

"மாரியிலுமா?"
மாரியிலும்.
"படகு கரையில கிடக்கேக்கையுமா?"
அதுக்குப் படகைத் தெரியாது அண்ணன்.

மணலில் விரலால் பெருக்குகிறார், பன்னிரண்டால்.
பிறகு டொலரின் விலை கேட்கிறார்.
கேன்களோடு மூன்று நாள்
எரிபொருள் வரிசையில் படுத்தெழும்பிய மனிதர்.
நான் சொன்னதை எழுதி,
கொஞ்சம் யோசித்து,
கூட்டி எழுதுகிறார்.

இரண்டாவது இலவசம்.
அந்தச் சொல்லுக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து
அவசரமாகத் திருத்தினேன்:
இலவசம் எண்டால்
கோட்டை வாசலில் திரியிற மான் மாதிரி.
ஒருத்தருக்கும் சொந்தமில்லை,
எல்லாரும் தீன் போடலாம்.
பொலித்தீனைத் திண்டு வயிறு ஊதி
பஸ் நிலையத்தில் ஒண்டு விழுந்து கிடந்தால்
ஆரைக் கூப்பிடுறது?

"உன்னை" என்றார்.

என்னைத்தான்.
கிண்ணியா ஷிஃபானாவின் கேக் கடைத் தளத்தில்
ஓரிரவு சூதாட்டம் புகுந்தது.
ஐசிங் ரோசாக்களின் நடுவே
சிவப்புச் சக்கரம் சுழன்றது,
பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க.
வாப்பா பார்க்க முதல் அழிச்சிடுங்க என்று
குரல்பதிவில் விம்மினாள்.
மூன்று மாதம் புதுப்பிக்காத ஒரு ப்ளகின்.
ஓட்டை அதில்தான்.
விடிய நாலரைக்கு அடைத்தேன்.
பில்லில் அதை என்னவென்று எழுதுவது?
ஒரு கிலோ பட்டர் கேக் வந்தது.
எழுதாமல் விட்டேன்.

அண்ணன் நங்கூரக் கயிற்றைச் சுற்றினார்.
நிமிராமல் கேட்டார்:
"நீ இல்லாட்டி?"

கடல் அப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
ஒரு காகம் மீன்தலையோடு எழும்பிப் போனது.

என் கடவுச்சீட்டு
கொழும்பில் ஒரு தூதரகத்தின் இழுப்பறையில் கிடக்கிறது,
ஒக்டோபர் ஒன்பதிலிருந்து.
வீட்டில்கூட 'ஏதோ பயிற்சி' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
விசா வந்தால் அவருக்கு வாடகை நல்லது.
வராவிட்டால் மான்.
என் ஊர்ப்பற்றின்
தொழில்நுட்ப விபரம் இவ்வளவுதான்.

பொய் சொல்ல வேண்டிய நேரத்தில்
விலைப்பட்டியல் ஒரு வசதி.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
அவர் பார்க்கவில்லை.

"ஏழு வருசம் வாடகை எஞ்சின்ல ஓடினனான்" என்றார்.
"காசு போனது நோகல்ல.
நடுக்கடலில நிண்டாலும்
புளக்கைக் கழட்டிப் பார்க்க விடமாட்டான்.
அதுதான்."

பெற்றோல் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில்
அவர் கையாலேயே எழுதவைத்தேன்:
வெள்ளிக்கிழமை. முதலில் நகல். பிறகு புதுப்பித்தல்.
சிவப்பாக ஏதும் வந்தால் தொடக்கூடாது,
நகலைத் திருப்பிப் போடவேண்டும்.
'திருப்பி' என்பதற்குக் கீழே
இரண்டு கோடு கீறிக்கொண்டார்.

டொமைன் விண்ணப்பத்தில்
'உரிமையாளர்' என்ற கட்டத்தில்
பழக்கதோஷத்தில் என் பெயர் பாதி வந்துவிட்டது.
அழித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாக, பின்னுக்கு.
அவருடையதை அடித்தேன்.

கடவுச்சொல் கேட்டது.
போனை வாங்கி
என்னிடமிருந்து திருப்பிப் பிடித்துக்கொண்டார்,
படகின் நிழலுக்குள் குனிந்து,
ஒற்றை விரலால்.

நான் கடலைப் பார்த்தபடி
தட்டும் சத்தத்தை மட்டும் எண்ணினேன்.
பன்னிரண்டு.
நீளம் போதும்.