மழை விட்டிருந்தது

‘ஒன்பதாம் படலை’ ஐம்பத்தோராவது கிழமைக்கு வந்துவிட்டது.
இன்னும் எட்டுப் படலைதான் திறந்திருக்கிறது.
நானும் எமில்டாவும்
ஆள் குறைந்த மத்தியானங்களில்
முதலாம் அத்தியாயத்திலிருந்து திரும்பவும் வாசிக்கிறோம்.

மின்சார நிலைய வீதியில் எங்கள் போட்டோக்கொப்பிக் கடை.
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்,
கம்பஸ் பிள்ளைகளின் நோட்ஸ்,
எதையும் இரண்டாய் நாலாய் ஆக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்
ஞாயிறு பேப்பரில் வெட்டிய துண்டுகள்
ஒரு நீலக் கோவையில்.

கோவை எங்களுடையதல்ல. குகனேசனுடையது.
லமினேட்டிங் மேசையில் இருந்தவன்.
கார்த்திகையில் டெங்கு. ஐந்தே நாள்.
நாற்பத்திரண்டு வரை அவன் வெட்டியது,
ஓரம் அடிமட்டம் வைத்ததுபோல.
அதற்குப் பிறகு நான் வெட்டியது.

“ஆர் அந்தக் கிணத்தில தண்ணி அள்ளுறதெண்டு எனக்குத் தெரியும்.
ஐம்பதாவது வரட்டும், சொல்லுறன்.”
ஐம்பதாவது வந்தது.

அதனால் இப்போது எங்களிடம் இரண்டு மர்மம்.

விடியப்புறம் துலாக்கயிறு நனைந்திருக்கிறது,
வீட்டில் ஒருவரும் எழும்பவில்லை.
நாலு பேர் இருக்கும் விறாந்தைக்கு ஐந்து கோப்பை வருகிறது.
ஏழாம் அத்தியாயத்தில் தாட்ட பூனை
பதினெட்டில் பால் குடிக்கிறது.

கதை சொல்லும் தம்பியே உயிரோடில்லை என்பது எமில்டாவின் கட்சி.
“பார், ஒரு இடத்திலயும்
ஒருத்தரும் அவனோட நேர கதைக்கேல்லை.”
தேடினேன். உண்மைதான்.
இருபத்தாறில் ஒரு நாய் மட்டும் அவனைப் பார்த்துக் குரைக்கிறது.
“நாய் பாக்கும்” என்றாள்,
குருநகரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போல.

எனக்கு, ஒன்பதாவது என்று ஒரு படலையே இல்லை.
எட்டையும் எண்ணிக்கொண்டு நிற்கிறவன்
நிற்கிற இடம்தான் அது.

சில நாள் இருவருக்குமே சந்தேகம்,
எழுதுகிறவருக்கே தெரியாதோ என்று.
கிழமைக்குக் கிழமை பத்தி நிரப்பவேண்டும்,
கரண்ட் நிற்கும், விருந்தாளி வரும்,
மனிசன் பூனையை மறந்திருக்கலாம்.

குகனேசனின் பென்சில்
பயப்படவேண்டிய இடங்களில் இல்லை.
கிணற்றடியில் இல்லை. கோப்பையில் இல்லை.
‘அவள் செருப்பைக் கழற்றினாள்’, கீழே கோடு.
‘பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது’, கீழே கோடு.
ஏன் அந்தச் செருப்பு?
ஒரு நாள் முழுக்க அந்தச் செருப்போடு போனது.
பிறகு கொஞ்சநேரம் இரண்டுபேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

மூன்று மணிக்குத் தேத்தண்ணிக்கடைப் பெடியன் வருவான்,
கம்பித் தூக்கில் மூன்று கிளாஸ்.
இப்போது நாங்கள் இரண்டுபேர்.
சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று
மார்கழி போய்த் தையும் முடியப்போகிறது.
மூன்றாவதை முறை வைத்துக் குடிக்கிறோம்.

நேற்று எமில்டாவின் முறை.
கிளாஸைப் பிடித்தபடியே நாலாம் அத்தியாயத்தைப் புரட்டினாள்,
விறாந்தை, நாலு பேர், ஐந்து கோப்பை.
“பேயுமில்லை ஒண்டுமில்லையடி.
ஒருத்தரும் குசினியில சொல்லேல்லை,
அவ்வளவுதான்.”
சொல்லிவிட்டுக் குடிக்காமல் வைத்தாள்.
ஆறி ஆடை பிடித்தது.

அவன் கடைசியாய் வெட்டிய துண்டில்
ஒரே ஒரு கேள்விக்குறி.
கோவை முழுவதிலும் வேறெங்கும் போடவில்லை.
‘மழை விட்டிருந்தது’ என்ற வரிக்குப் பக்கத்தில்,
கொஞ்சம் அழுத்தி.

இதில் என்ன இருக்கிறது? மழைதானே, விடும்.

மேலே போய்ப் பார்த்தோம்.
அந்த அத்தியாயத்தில் மழை பெய்யவில்லை.
நாற்பத்தொன்றில் முற்றத்தில் மிளகாய் காய்கிறது.
நாற்பதில் கொடியில் வேட்டி, மொட்டை வெயில்.

ஆரோ வந்து நிற்கிறார், அடையாள அட்டை,
இரண்டு பக்கமும், மூன்று கொப்பி.
“கொஞ்சம் பொறுங்கோ ஐயா” என்கிறாள் எமில்டா
நிமிராமலே.
முப்பத்தொன்பதை எடு.
முப்பத்தெட்டு.
இன்னும் பின்னுக்குப் போ.