அப்புறம்

புந்தா அரேனாசில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மழலையர் கூடத்தின் தகரக் கூரையைப் பிடித்து
நாள் முழுக்க உலுக்கும்.
உள்ளே நான், பென்சில், கோடு போட்ட நோட்டு.
யார் கதை சொன்னாலும்
சொன்னது சொன்னபடி எழுதுவது என் வேலை.
முட்டை போடும் லாரியைக்கூட
முட்டை போடும் லாரியாகவே விட்டிருக்கிறேன்.

ரெனாத்தோவுக்கு நாலு வயது.
அப்பா மீன்பிடிப் படகில்.
எப்போது வருவார் என்பது
வானிலை அறிக்கைக்கே தெரியாது.
மார்ச்சில் அவன் சொன்ன கதை:
'ஒரு நாய். அது போச்சு.'
ஏப்ரலிலும் அதே.
மே மாதம் பனி விழுந்த அன்று
'ஒரு நாய்' என்றதோடு சரி.

மேற்பார்வைக்கு வந்த அம்மாள் நோட்டைப் புரட்டினார்.
'பையன் எதுவரை எண்ணுவான்?'
பத்துவரை. ஏழு மட்டும் பிடிக்காது, தாண்டிவிடுவான்.
குறித்துக்கொண்டார்.
நாய்க்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை கதைகளை நடித்துப் பார்ப்போம்.
தரையில் நீல டேப் ஒட்டிய சதுரம்தான் உலகம்.
நாய், மைத்தே.
நாலு காலில் வந்தாள், குரைத்தாள், போனாள்.
டேப்பைத் தாண்டியதும் கொஞ்சம் யோசித்துத்
திரும்பி வந்துவிட்டாள்.
'ஏன்?' என்றேன்.
'பசிச்சுது.'

ரெனாத்தோ கத்திய கத்தலில்
கூரைச் சத்தம் கேட்கவில்லை.
'வரலை! நாய் வரலை! அது என் நாய்!'
ஷூவைக் கழற்றி எறிந்தான், ஒன்று என் தோளில் பட்டது.
மைத்தே அழுதாள்.
நான் ஏதோ சமாதானம் சொன்னேன்,
யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, கோட்டைக்கூடக் கழற்றாமல்
நேரே என் மேசைக்கு வந்தான்.
'எழுது. ஒரு நாய். அது போச்சு.'
எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.
புள்ளியின் மேல் விரலை வைத்தான்.
'இதை அழி.'
அழித்தேன்.
'அப்புறம்' என்றான்.

கூரை தடதடத்தது. யாரோ பாலைக் கொட்டினார்கள்.
வாயைத் திறந்தபடி நின்றான்,
கடல் எவ்வளவு பெரிது என்று
அப்போதுதான் கணக்குப் போடுகிறவன் மாதிரி.

'அப்புறம் என்ன?' என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், எனக்காக.
மணி அடித்தது. எல்லோரும் ரொட்டிக்கு ஓடினார்கள்,
அவனும்.

அந்தப் பக்கத்தை இன்னும் திருப்பவில்லை.
மைத்தே மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு
ஓரத்தில் ஒரு எலும்பு வரைந்துவிட்டுப் போனாள்,
அவன் பார்க்காதபோது.