இருபது

வாய்விட்டு மலாயில் எண்ணுவேன்,
முகக்கவசத்துக்குள் தமிழில்.
ரத்தம் ஊறிய துணிகளை
விரித்து விரித்துப் போட்டு எண்ணுவது
பதினேழு வருடமாய் என் வேலை.

போன மாதம் விளக்குக்குப் பக்கத்தில்
ஒரு கேமராவை மாட்டினார்கள்.
அதுவும் எண்ணும்.
வாய் கிடையாது. திரையில் எண் மட்டும்.

நேற்று ஊய், மீன் வியாபாரி,
ஈரலில் கட்டி.
வெட்டி எடுத்தாயிற்று.
தையலுக்குக் கை நீட்டிவிட்டார் டாக்டர் அஸ்லினா.
டுவா புலோ என்றேன்.
திரையில் பத்தொன்பது.

மயக்க மருந்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
திரும்ப எண்ணினேன், இருபது.
அது அசையவில்லை.
குருட்டுக் கழுதை என்று முனகினேன்.

டாக்டர் நீட்டிய கையை மடக்கி
வயிற்றுக்குள் விட்டார்.
ஈரலுக்கு அடியில் துழாவி
கசங்கிய ஒன்றை, மெல்ல,
முழங்கை நீளத்துக்கு உருவினார்.

ஒரே துணியை
இரண்டு தரமும் இருமுறை எண்ணியிருக்கிறேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நீர் உறிஞ்சும் குழாய் மட்டும்
கொர்ரென்றது.

காலையில் ஊய் கஞ்சி கேட்டாராம்.
இஞ்சி தூக்கலாக.

யந்திரத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.
சொல்லிவிட்டுப் பூலாவ் திக்கூஸ் சந்தைக்கு வந்தால்
கோழி வெட்டுகிறவர்,
தேங்காய் திருகுகிற அம்மா,
மோட்டாரில் கால் ஊன்றி நிற்கும் தாத்தா,
எல்லா வயிறும்
எங்கேயோ பார்த்த வயிறு.
அது வருவதற்கு முன்
நான் ஒருத்தியே எண்ணி
மூடச் சொன்ன வயிறுகள்.

கீரைக்காரர் சில்லறையை நீட்டினார்.
எண்ணிக்கோங்க மிஸ்ஸி.
இரண்டு தரம் எண்ணினேன்.
பிறகு அவரையே
எண்ணச் சொன்னேன்.