ஆம் என்ற பொத்தான்

சனிக்கிழமை இரவு
எங்கோ படித்ததை நம்பி
என் பெயருக்கு நேரே இருந்த 'நிர்வாகி'யை அழித்து
'சாதாரணப் பயனர்' என்று வைத்தேன்.
பத்திரமாம்.
திருடன் புகுந்தாலும் சாவிக்கொத்து கிடைக்காதாம்.
கணினி மறுபேச்சு பேசவில்லை.
(பேசியிருக்க வேண்டும் என்கிறாள் மார்யுன்.
வீட்டில் ஒரு நிர்வாகியாவது மிஞ்சாமல்
விடக் கூடாதாம் அது. விட்டுவிட்டது.)

திங்கட்கிழமை புது அச்சுப்பொறி.
மென்பொருளை நிறுவப் போனேன்.
'மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?'
கீழே இரண்டு பொத்தான்.
'இல்லை' பளிச்சென்று.
'ஆம்' சாம்பல் பூசிக்கொண்டு,
தொட்டால் அசையாமல்.
நிர்வாகியை அணுகவும் என்றது.
எழுந்து போய்ச் சமையலறையில் பார்த்தேன்.
அங்கேயும் நான் இல்லை.
ஹானுஸ்தான் காப்பி வடித்துக்கொண்டிருந்தான்,
வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாக.

கிளக்ஸ்விக்கில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை.
மீன் தருகிறவர் உள்ளே வந்து
தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்.
மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று
கூடம்வரை வந்து, என்னைப் பார்த்து,
பிடிக்காமல் திரும்பிற்று ஒருமுறை.
இந்த ஊரில் பூட்டிய பொருள் ஒன்றே ஒன்று.
அதையும் உள்ளே இருந்தே பூட்டிவிட்டு
வெளியே நிற்கிறேன்.

அச்சடிக்க வேண்டியது ஒரு தாள்.
'டெர்னா, பத்தொன்பது அடிப் படகு, விற்பனைக்கு.
எழுபதாயிரம் குரோனர். பேசலாம்.'
ஐந்து கோடையாகத் தண்ணீர் பார்க்காத படகு.
அதன்மேல் போர்த்திய தார்ப்பாய்க்கே
இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டோம்.
விற்கலாம் என்று ஹானுஸும் சொன்னான்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.
'ஆகவில்லையா? போகட்டும்' என்றான் இப்போது.
குரலில் அப்படி ஒரு பரிவு.

பதினோரு மணிக்கு மார்யுன் தொலைபேசியில்.
மீன் ஆலையின் எல்லாக் கணினிக்கும் அவள்தான் வைத்தியர்.
"ஷிஃப்டை அழுத்திப் பிடி. விடாதே.
இப்போது மறுதொடக்கம் கொடு."
நீலத் திரை. அதற்குள் ஒரு பட்டியல்.
அதற்குள் இன்னொன்று.
"நாலு. நாலாம் எண்."
வெளியே காற்று கூரையைப் பிய்க்கப் பார்த்தது.
திரை கறுத்தது.
நான்கு மூலையிலும் 'பாதுகாப்பு முறை' என்று
பழைய காலத்து எழுத்து.
நடுவில்
நான் உண்டாக்காத ஒரு பெயர்:
நிர்வாகி.

ஆலையிலிருந்து வந்த நாள்முதல்
உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தாராம்.
ஆறு வருஷம். கடவுச்சொல்கூடக் கிடையாது.
எங்கள் வரிக்கணக்கு, சண்டைபோட்ட கடிதங்கள்,
அழித்த புகைப்படங்கள்
எல்லாவற்றுக்கும் பக்கத்து அறையில்
முகமில்லாத ஒருவர்.
கூச்சமாக இருந்தது.
"சீக்கிரம் உன் உரிமையை எடுத்துக்கொள்,
அவரைத் தூங்கவை" என்றாள் மார்யுன்.
எடுத்துக்கொண்டேன். தூங்கவைத்தேன்.
நன்றி சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"இன்னொன்று" என்றாள். "ஒருத்தியே சாவி வைத்திருக்காதே.
வீட்டில் இன்னொருவருக்கும் கொடுத்து வை."
நியாயம்தான்.
ஹானுஸுக்கு ஒரு கணக்கு திறந்து
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்: நிர்வாகி.
மணி ஒன்றரை.
அச்சுப்பொறியை நிறுவினேன்.
'ஆம்' உயிரோடு இருந்தது.
தாளைக் காலையில் எடுக்கலாம் என்று படுத்தேன்.

காலையில்
அச்சுப்பொறி இருக்கிறது, பச்சை விளக்கோடு.
தாள்கள் இருக்கின்றன, வெள்ளையாக.
கோப்பு இல்லை.
குப்பைத்தொட்டியிலும் இல்லை.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
அவன் சொன்னான்:
"கேட்டது, சுன்வா.
நிச்சயமாகவா என்று கேட்டது.
'ஆம்' அழுத்தினேன். அசைந்தது."