ஏகமனதாக

பத்தொன்பது வருடமாக இந்தப் புத்தகத்தில்
நான் அதிகம் எழுதிய சொல் ஏகமனதாக.

நீடாமங்கலம் சாலை, அரிசி ஆலை மாடி.
ஏசி ஒழுகும் மூலையில் ஒரு வாளி.
ஏழு நாற்காலி: பெரியவர், அவர் தம்பி,
தம்பியின் மைத்துனர், மைத்துனரின் சம்பந்தி,
மற்ற மூவரும் அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்
எங்காவது பெயர் உள்ளவர்கள்.
ஒரே மனம்தான். பொய் எழுதவில்லை.

பெண் இயக்குநர் கட்டாயம் என்றானதும்
எட்டாவதாக மருமகளைப் போட்டார்கள்.
அவர் மாடி ஏறியதில்லை.
ஃபைலை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
"எங்க சார்?" என்பார்.
பென்சிலால் புள்ளி வைத்திருப்பேன்.

பங்குச் சந்தைக்குப் போனபோது
சொந்தமில்லாத ஒருவர் வேண்டியிருந்தது.
அந்த இடத்துக்கு எமில்டா வந்தார்.
கீழ்வேளூர், முப்பது வருடத் தணிக்கை அனுபவம்.
கீழ்வேளூரில் எந்தத் தெரு என்றார் மைத்துனர்.
சொன்னார்.
அடுத்த கூட்டத்திலிருந்து எல்லோருக்கும் காகித டம்ளர்.
சுகாதாரம் கருதி என்று நான் எழுதினேன்.
ஏகமனதாக.

ஆண்டறிக்கைப் படத்தில் அவர்தான் நடுவில்.
சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்து
பன்முகத்தன்மை என்று திரையில்
கறுப்புக் கவுனி, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா காட்டினார்.
எல்லாம் சேர்ந்ததுதான் வயல் என்றார். கைதட்டல்.
"சேர்ந்து நின்னா கலவன்னு பிடுங்கிடுவாங்க, தம்பி.
நெல்லை விடுங்க.
களத்துல எண்பது பொம்பளைங்க. கழிப்பறை எத்தனை?"

ஒன்று. பூட்டியிருக்கும். சாவி மேஸ்திரியிடம்.

நான் எழுதினேன்:
உறுப்பினர் பயனுள்ள கருத்துகளைத் தெரிவித்தார்.

ஐப்பசிக் கூட்டத்தில் அதை வாசித்தபோது நிறுத்தினார்.
"கருத்து சொல்லல சார். கேள்வி கேட்டேன்."
பிறகு களத்து வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடும் தீர்மானம்.
முந்தின இரவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன்,
கடைசிச் சொல் உட்பட.
"அதுல என் மனசு இல்லை. எதிர்ப்புன்னு எழுதுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார்.
கீழே தார்ப்பாய் இழுக்கும் சத்தம், மழை பிடித்துவிட்டது.
எதிர்ப்பு.
இரண்டு புள்ளி வைக்க வேண்டிய சொல்.
பேனாவால் வைத்தேன்.

ஏழுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

படியிறங்கும்போது குடையை விரித்தபடி கேட்டார்:
"அந்தக் காகித டம்ளர் தீர்மானம்
எத்தனாம் பக்கம் சார்?"

நூற்றுப் பதினாறு.
தேடிப் பார்க்கிறேன் மேடம் என்றேன்.