இருநூற்றுப் பதினொன்று

காலை மூன்றரை. சங்கரன்கோவில் தேரடி.
நாற்பத்தேழு பேர், ஒரு அண்டா புளியோதரை,
காற்று ஊதாமல் கொண்டுவந்த ரப்பர் வளையம் ஒன்று.
விசைத்தறி முதலாளி கொடுத்த ஒருநாள் டூர்.

மாடக்கண்ணு டயரடியில் எலுமிச்சை வைத்தான்.
என் பெயர் பீர் மைதீன். இருந்தாலும்
அது நசுங்கும் சத்தம் கேட்காமல்
இரண்டாம் கியர் போட எனக்கும் மனசு வராது.

சுரண்டை வரை பாட்டைக் கூட்டச் சொன்னார்கள்.
செங்கோட்டையில் நிறுத்தச் சொன்னார்கள்.
புளியரையில் எம்-சாண்ட் லாரிகள்
கேரளாவுக்கு மலையைத் தூளாக்கிக்
கொண்டுபோய்க்கொண்டிருந்தன.
வரி கட்டிய சீட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
அவற்றின் பின்னால் ஊர்ந்தேன்.

மூன்றாவது வளைவில்
ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தாள்.
இன்ஜின் பெட்டிமேல் உட்காரச் சொன்னேன்.
சுடும்தான்; ஆனால் ரோடு தெரியும்.
ரோடு தெரிந்தால் வயிறு அடங்கும்.
ஆவுடைத்தங்கம் என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.
திரும்பவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை.
குனிந்தபடியே இருந்தாள். வாந்திக்குத்தான் என்று
மாடக்கண்ணுவிடம் பிளாஸ்டிக் பை கேட்டேன்.

பாலருவியில் அவர்கள் குளித்தார்கள்,
நான் கண்ணாடி துடைத்தேன்.
பதிமூணு கண் பாலத்தில் போட்டோ எடுத்தார்கள்;
எத்தனை பேர் செல்போனில்
பல்குச்சியோடு ஓரமாய் நிற்கிறேனோ.

புனலூர் ஓட்டலில் டிரைவருக்குத் தனி அறை.
நாற்பத்தேழு பேரைக் கொண்டுவந்ததற்கு
கப்பையும் நெய்மீன் வறுவலும் இலவசம்,
இலைக்கடியில் மடித்த இருநூறு ரூபாய்.
வெளியே அவர்கள்
மீன்குழம்புக்கு விலை அதிகம் என்று
பேசிக்கொண்டிருந்தார்கள்.
நியாயம்தான். நான் கையைக் கழுவினேன்.

கொல்லத்தில் கடல்.
நூறு தடவையாவது வந்திருப்பேன்.
வண்டிக்கு அடியில், சாமான் வைக்கும் அறைக்குள்
சாக்கு விரித்து, கதவைப் பாதி தூக்கி வைத்துத் தூங்குவேன்.
அந்தக் கடல் எனக்கு
ஸ்டெப்னி டயர் மணத்தோடு கேட்கும் ஒரு சத்தம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
முன்னால் போன மீன் லாரி
மலை முழுக்க உப்புத்தண்ணீர் ஒழுகவிட்டுப் போனது.
ஆரியங்காவில் சாரல் பிடித்தது.
வைப்பரில் ஒன்றுதான் வேலை செய்தது.
கட்டஞ்சாயாவுக்கு நிறுத்தினேன்.

அவள் கிளாஸை ஊதிக்கொண்டே வந்து சொன்னாள்:
“அண்ணாச்சி, இருநூத்திப் பதினொண்ணு.”

யாரையாவது விட்டுவிட்டோமா என்று பயந்துபோய்
வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

“காலைல புளியரைல இருந்து இங்கன வார வரைக்கும்
நீங்க கிளச்ச மிதிச்சது.
தறில ஊடை எண்ணி எண்ணி
கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குது.
நடுவுல ஒருக்க தும்முனேன்,
ஒண்ணு ரெண்டு விட்டிருக்கும்.”

இருபத்தாறு வருஷம்.
டீசல் எண்ணுவார் ஓனர்.
கிலோமீட்டர் எண்ணுவார் ஏஜென்ட்.
தலை எண்ணுவது மாடக்கண்ணு.
தென்காசியில் டாக்டர் என் இடது முட்டியை அழுத்தி
“ரொம்ப நடப்பீங்களோ?” என்று கேட்டபோது
உட்கார்ந்தே இருக்கிற வேலை என்றேன்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்
டீக்காசை நான் கொடுக்கிறேன் என்றேன்.
“அதெல்லாம் வேண்டாம்,” என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே
சில்லறையோடு கடல் மணலும் இருந்தது.

கோட்டைவாசல் தாண்டி இறக்கம்.
ஒன்று, இரண்டு என்று நானே எண்ண ஆரம்பித்தேன்.
எண்ணினால் கால் தடுமாறுகிறது.
எஸ் வளைவில் எதிர் லாரி லைட்டை அடித்துக் காட்ட
முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா, போய்விட்டது.

கேட்கலாம் என்று பக்கத்தில் பார்த்தேன்.
இன்ஜின் சூட்டில் முதுகைச் சாய்த்து
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
அடுத்த வளைவில் சரியாமலிருக்க
மெதுவாகத் திருப்பினேன்.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.