பின்பாரம்

முதலில் கழற்றியது பின்பலகையை.
கிணற்றடியில் சாய்த்துவைத்தோம்.
பிறகு உதிரிச் சில்லு, பாரக்கம்பி, மழைத்தகரம்,
எப்போதோ பாடுவதை நிறுத்திவிட்ட பாட்டுப்பெட்டி.
இடப்பக்க இருக்கை. அதன் கீழே
இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்று,
காய்ந்த வெங்காயத் தோல் ஒரு சிரங்கை.

றெஜிஸ் ஒவ்வொன்றையும் நிறுத்தான்.
சந்தைக்குக் கொண்டுபோகிற என் தராசு.
கராஜ் சுவரில் கரித்துண்டால் எழுதினான்:
பலகை பதினாலு.
இருக்கை ஒன்பதரை.
"நீங்கள் எத்தினை கிலோ அக்கா?"
"அதை எழுதாதை."

எழுபத்தெட்டாம் ஆண்டு டட்சன்.
கிழமை நாளில் உரும்பிராயிலிருந்து
திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும்.
விடிய நாலரைக்கு வெளிச்சம் போடாமலே
அதற்கு வழி தெரியும்.

எஞ்சினின் பின்பக்கம்
விரல் நீளத்தில் ஒரு சேலைன் குழாய் இருந்தது.
மண்ணெண்ணெயில் ஓடின காலம்;
ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி
எஞ்சினை ஏமாற்றி எழுப்புகிற குழாய்.
தொண்ணூற்றெட்டில் பிறந்தவன் றெஜிஸ்.
கேட்டுவிட்டுத் தராசில் வைத்தான்.
முள் அசையவில்லை.
"எண்டாலும் கழற்றத்தானே வேணும்" என்றான்.

சிலிண்டர் தலையை ஒரு நூல் சீவினான்.
மோட்டார்சைக்கிளின் காபரேட்டர் இரண்டு பூட்டினான்.
வில்தட்டில் இரண்டை உருவ, வண்டி
கூச்சப்பட்டதுபோல் குனிந்தது.
பாசையூரில் படகுக்குக் குழாய் ஒட்டுகிற அவன் சித்தப்பா
புகைக்குழாய் செய்து தந்தார்.
அன்றிரவு சந்தியில் இருந்த நாய்கள் எல்லாம்
ஊருக்கு ஏதோ வந்துவிட்டதென்று நினைத்தன.

ஆடியில் வல்லை வெளி வற்றிக் கிடந்தது.
தரவையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.
ஒற்றை வடலியைச் சுற்றி வளைவு.
காற்று, சொல்லத் தேவையில்லை.

குறைக்கக் குறைக்க வேகம் கூடும் என்பது
வண்டியின் முன்பாதிக்கு மட்டும் உண்மை.
மண்ணைப் பிடித்து உதைக்க
பின்சில்லுக்கு ஏதாவது ஒரு பாரம் வேணும்.
பரீட்சை ஓட்டத்தில் ஐம்பதைத் தாண்ட
வால் என்னையே முந்தப் பார்த்தது.
கண்ணாடிக்குள் நான் வந்த வழி;
அடுத்த நொடி
கண்ணாடிக்கு வெளியே, எனக்கு நேர் முன்னால்,
நான் வந்த வழி.

மூன்றாம் தரம் சுழன்றபோது
றெஜிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.
மணல் மூட்டை? சாக்கு இல்லை.
இரும்பு? இருபது நிமிசத்தில் எங்கே ஒட்ட?
துணைக்கு வந்த லான்ட்மாஸ்டரில்
சனிக்கிழமை விலை விழுந்து
திருப்பிக் கொண்டுவந்த வெங்காயம் கிடந்தது.
இரண்டு மூட்டை. ஐம்பது, ஐம்பது.
அச்சுக்கு நேர் மேலே வைத்து
கயிறு இறுக்கினோம்.

நெல்லியடி ஹைலக்ஸ்காரப் பொடியன்
தலையை வெளியே நீட்டினான்:
"அக்கா, சந்தை மற்றப் பக்கம்!"

நேர்க் கோட்டில் அவன்தான் முன்னுக்கு.
அவனுடைய புழுதியைத்தான் தின்றேன்.
வடலியடியில் அவன் வால் விலகி
அகலமாய், மெதுவாய், யோசித்து யோசித்துச் சுழன்றது.
என் வண்டி நாலு தட்டிலும் அமர்ந்து திரும்பியது.
பாரத்தோடு வளைவது
இருபது வருசமாய் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை.

இரண்டாவதாய் வந்தோம்.
கொடிகாமத்துப் பட்டா ஒன்று முதலாவது.
அவன் எதையும் கழற்றவே இல்லையாம்,
கண்ணாடியில் தொங்கின தேசிக்காய் உட்பட.

திங்கள் விடிய, பலகை பூட்டி, சந்தை.
சாந்தகுமார் மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தார்.
"நசிஞ்சிருக்குப் பிள்ளை, கிலோவுக்கு இருபது குறைப்பன்."
"கொஞ்சம் வேகமாய் வந்திட்டன் அண்ணை."

கராஜ் சுவரில் புதுசாய் ஒரு வரி:
வெங்காயம் நூறு. கழற்றக் கூடாது.

இடப்பக்க இருக்கையை மட்டும் இன்னும் பூட்டவில்லை.
யாரும் ஏறுவதில்லை.
ஒன்பதரைக் கிலோ.